நெட்டை வண்டி

முன்பெல்லாம் மோட்டார் வாங்கப் புறப்படும் குடும்பஸ்தர், "லிட்டருக்கு எத்தனை மைல் ஓடும்?" என்றுதான் முதலில் கேட்பார். இப்பொழுது கேட்கும் கேள்வி வேறு. "தரைக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி?" என்கிறார். எஸ்.யு.வி. என்று மூன்று ஆங்கில எழுத்துக்களால் வழங்கும் அந்த உயரமான மோட்டார் வண்டிதான் இன்று எல்லோருடைய ஆசையும். 2023-24-ஆம் வருஷத்தில் நம் தேசத்தில் விற்பனையான பிரயாணி மோட்டார்களில் பாதிக்கு மேற்பட்டவை இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அடிக்கடி சொல்ல வேண்டியிருப்பதால், இந்தக் கட்டுரையில் அதை நெட்டை வண்டி என்றே அழைக்கிறேன். வண்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நெட்டை வண்டியின் பாட்டனார் ஜீப். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்டு, 1940-களின் இறுதியில் மகீந்திரா கம்பெனியின் மூலம் நம் நாட்டிலும் பூட்டி இணைக்கப்பட்ட வண்டி அது. சேற்றிலும் காட்டிலும் மேட்டிலும் மெதுவாக ஏறி இறங்குவதற்காகவே அதற்கு அந்த உயரம் கொடுக்கப்பட்டது. பேரப் பிள்ளையோ குளிர்சாதனமும் சங்கீதமுமாக நாற்கரச் சாலையில் நூறு கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கிறான். பாட்டனாரின் உயரம் மட்டும் அப்படியே இருக்கிறது. தொல்லையெல்லாம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

உயரத்தில் உட்கார்ந்தவனுக்கு இயற்கையாகவே ஒரு தைரியம் வந்துவிடுகிறது. சாலை கண்ணுக்குத் தூரமாய் நகர்வதனால் வேகமும் குறைவாகத் தோன்றுகிறது. தாழ்வான காரில் எழுபது எண்பதாகத் தோன்றினால், இதில் எழுபது ஐம்பதாகத் தோன்றும். ஆகவே புது வண்டிக்காரர் முதல் சில மாதங்களுக்குத் தம் மனசை நம்பாமல் வேகமானியின் முள்ளை நம்புவது உத்தமம்.

வைக்கோலை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிய மாட்டு வண்டி, திருப்பத்தில் எப்படிச் சாயும் என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தேரைப் பாருங்கள், நேர் வீதியில் ஓரளவு வேகமாக வரும் தேர், வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டு அங்குலம் அங்குலமாகத்தான் திரும்புகிறது. காரணம் ஒன்றே. பாரத்தின் மையம் எவ்வளவு உயர்கிறதோ, அவ்வளவு சுலபமாகப் பொருள் கவிழும். அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு இலாகா இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: இரண்டு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை எடுத்து, பார மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். தாழ்வான கார்களுக்குப் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வரும். நெட்டை வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறையக் கவிழும் அபாயம் அதிகம். பௌதிக வகுப்பில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது, பையன்கள் தத்தம் வீட்டு வண்டிக்குக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சில தகப்பனார்களுக்கு அன்று மாலை சங்கடமாக இருந்திருக்கும்!

திருப்பத்தின் வேகம் இரட்டித்தால் வெளியே தள்ளும் விசை நாலு மடங்காகிறது. எனவே வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை மிதிப்பதைவிட, நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வண்டி சறுக்கும்போது தானே ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் போட்டு நேராக்கும் மின்சார யுக்தி இப்பொழுது பல வண்டிகளில் வருகிறது. அருமையான சாதனம், வாங்கும்போது அது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் டயருக்கும் தாருக்கும் உள்ள பிடிப்பை அந்த யுக்தியால் அதிகமாக்க முடியாது; இருக்கிற பிடிப்பைச் சாமர்த்தியமாய்ச் செலவு செய்யத்தான் முடியும். மேலும், வண்டியின் தலைமேல் கேரியர் வைத்து, பழனி யாத்திரைக்கான மூட்டை முடிச்சுக்களை யெல்லாம் அதில் ஏற்றுவதைக் காண்கிறோம். பார மையத்தை உயர்த்துவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் கிடையாது. கனமானவை வண்டிக்குள்ளே, தரையோடு தரையாக இருக்கட்டும். மேலே ஏற்றியே தீர வேண்டுமானால் படுக்கை தலையணை ஏறட்டும்.

நாலு சக்கர இழுவை என்பதைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. முதலாவது, நம் ஊரில் விற்கும் நெட்டை வண்டிகளில் பல, உருவத்தில்தான் ஜீப். இழுப்பவை இரண்டே சக்கரங்கள். இரண்டாவது, நாலு சக்கர இழுவை உள்ள வண்டியும் சேற்றிலிருந்து புறப்படுவதற்கு உதவுமே தவிர, நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லா மோட்டார்களிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. ஈரச் சாலையில் விரைவாகக் கிளம்ப முடிகிறதென்று விரைவாக நிற்கவும் முடியும் என நினைப்பவர், எதிரே வரும் லாரியின்மேல் பாரத்தைப் போடுகிறார். வேண்டும்போது மட்டும் கைப்பிடியால் மாட்டும் வகையான நாலு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச் சாலையில் உபயோகிக்கவே கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். அதற்கு இடமில்லாமல் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதாகும்.

மலையிலிருந்து இறங்கும்போது நெட்டை வண்டியின் கனம் தெரியும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் கட்டைகள் காய்ந்து பிடிப்பை இழந்துவிடும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்கள். நான் படித்த எந்தப் புஸ்தகத்திலும் இதைவிட நல்ல சூத்திரம் இல்லை. கியர் தானே மாறும் வண்டிகளிலும், கையால் கீழ்க் கியரில் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மரியாதை மாத்திரமல்ல, சட்டமும்கூட.

இனி டயர். 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் கம்பெனியார் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை போர்டு எக்ஸ்புளோரர் என்ற நெட்டை வண்டியில் ஓடியவை. வெயில் காலத்தில், வேகமாக ஓடும்போது, டயரின் மேல் பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்து, இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். டயரின் தயாரிப்பில் குற்றமா, வண்டியின் அமைப்பில் குற்றமா என்று இரு கம்பெனிகளும் நெடுங்காலம் சண்டையிட்டுக்கொண்டன. அந்தச் சண்டையில் அடிபட்ட விஷயங்களில் ஒன்று, காற்றின் அளவு. போர்டு கம்பெனி 26 பவுண்டு போதும் என்றது. டயர்க்காரர்கள் 30 வேண்டும் என்றார்கள். வெறும் நாலு பவுண்டு! காற்றுக் குறைந்த டயர் சுழலும்போதெல்லாம் நசுங்கி நிமிர்கிறது. நசுங்கி நிமிர்வதனால் சூடேறுகிறது. சூடேறினால் ரப்பரும் உள்ளே இருக்கும் கம்பி வலையும் பிரிகின்றன. இந்தக் கலவரத்துக்குப் பிறகு பிறந்த சட்டத்தின் பயனாகவே, 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் டயர்க் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு கட்டாயமாயிற்று.

நம் சித்திரை வெயிலுக்கு அமெரிக்க வெயில் உறை போடக் காணாது. ஆகவே பதினைந்து நாளைக்கு ஒரு முறையாவது, காலையில் வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். சரியான அளவு டிரைவர் பக்கத்துக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். சாதாரண நாளுக்கு ஓர் அளவு, ஏழு பேரும் மூட்டையும் ஏறும் நாளுக்கு ஓர் அளவு என இரண்டு எண்கள் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதை நிரப்பிவிடக் கூடாது. ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடிக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். மேல் வரிகள் 1.6 மில்லி மீட்டருக்குத் தேய்ந்தால் டயருக்கு விடை கொடுக்க வேண்டும். தேயாமலே முதுமை அடைவதும் உண்டு: பக்கத்தில் 2319 என்று நாலு இலக்கம் இருந்தால் அது 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஸ்டெப்னியின் ஜாதகத்தையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லோரும் பெல்ட் போட வேண்டும், பின்னால் இருப்பவர்களும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாய் அருகே பால்கர் ஜில்லாவில் டாடா ஸ்தாபனங்களின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற வண்டி பாலத்தின் சுவரில் மோதியது. வண்டி விலையுயர்ந்த, உறுதியான நெட்டை வண்டிதான். முன் ஆசனத்தில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின் ஆசனத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவ்விருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். முன் ஆசனத்தில் தாயின் மடியில் குழந்தையை வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் இன்னும் கொடியது. மோதலில் விரிந்து வரும் காற்றுப் பை, தாயைக் காக்கும். நடுவில் இருக்கும் குழந்தையை என்ன செய்யும்?

வெளியே இருப்பவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கம்பெனி விளம்பரங்களில் சாலையெல்லாம் காலியாக இருக்கின்றன. நம் தெருக்களிலோ விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலம் போடும் பெண்கள், பந்தைத் துரத்தும் குழந்தைகள், வண்டி நிழலில் படுத்த நாய் எல்லாம் உண்டு. நெட்டை வண்டியின் மூக்கு, சிறு குழந்தையின் தலைக்கு மேலே நிற்கிறது. டிரைவர் ஆசனத்திலிருந்து பார்த்தால் வண்டியின் முன்னால் சில அடிகளும், பின்னால் அதைவிட அதிகமும் கண்ணுக்குத் தெரியாத பூமி. அமெரிக்காவில் 2002-இல் ஒரு தகப்பனார் தம் வீட்டு வாசலிலேயே நெட்டை வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது, அவருடைய இரண்டு வயதுக் குழந்தையே அதில் சிக்கி இறந்தது. அவர் மனம் தளராமல் போராடி 2008-இல் ஒரு சட்டம் வரச் செய்தார். அதன்படி 2018 மே முதல் அந்நாட்டின் புதுக் கார்களுக்குப் பின்புறக் காமிரா கட்டாயம். நம் நாட்டில் 2019 ஜூலை முதல், பின்னால் பொருள் இருந்தால் ஒலிக்கும் கருவி புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஒலிக்கும் கருவி சிறிய உருவங்களைத் தவற விடலாம். காமிராவின் கண்ணில் சேறு படியலாம். ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு முறை பிரதட்சிணம் செய்து பார்த்துவிடுங்கள். அரை நிமிஷம்கூட ஆகாது.

மோதும் விதத்திலும் வேற்றுமை உண்டு. தாழ்ந்த கார் நடப்பவரின் காலில் மோதி மேலே சாய்க்கிறது. நெட்டை வண்டியின் செங்குத்தான மூக்கு மார்பிலும், குழந்தையானால் தலையிலும் மோதுகிறது. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கென்று இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஸ்தாபனம் 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மூக்கு நாற்பது அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், முப்பது அங்குலத்துக்குட்பட்ட சரிவான காரைவிட உயிர்ச் சேதத்துக்கு நூற்றுக்கு 45 பங்கு அதிக சந்தர்ப்பம் இருக்கிறது. இத்தனைக்கும் மேல் முன்னால் இரும்புக் கிராதியை வேறு மாட்டிக்கொள்வோர் இருக்கிறார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சர்க்கார் அதைச் சட்ட விரோதம் என்று அறிவித்துவிட்டது. கிராதி, காற்றுப் பைக்குத் தகவல் கொடுக்கும் கருவியையும் ஏமாற்றக் கூடும். பணம் கொடுத்து ஏன் இந்த வினை?

பராமரிப்பில் ஒரு புதுமையை மட்டும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், கூலன்ட், பிரேக் திரவம் இவற்றின் தவணைகள் வண்டியோடு வரும் புஸ்தகத்தில் இருக்கின்றன. அதைப் பிரித்துப் படித்தால் போதும். 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த புகை விதிகளின் காரணமாக டீசல் வண்டிகளுக்குப் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வந்திருக்கிறது. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரி உஷ்ணத்தில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். தினம் இரண்டு மைல் தூரப் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தையை விட்டுவிட்டு வரும் வண்டிக்கு அந்த உஷ்ணம் ஏறுவதே இல்லை. கரி அடைத்துக்கொண்டு விளக்கு எரிகிறது. விளக்கைக் கண்டதும் நெடுஞ்சாலைக்குப் போய், சீரான வேகத்தில் இருபது நிமிஷம் ஓட்டி வந்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். அலட்சியம் செய்தால் பெரிய செலவு. ஊருக்குள்ளேயே சுற்றும் குடும்பத்துக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். இந்த உஷ்ணமெல்லாம் வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. அறுவடைக் காலத்தில் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே போரடிக்கச் செய்கிறார்கள் அல்லவா? அந்தத் தட்டை அடியில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்த கார்கள் உண்டு. சுற்றிப் போக வழியில்லாவிட்டால், கடந்தவுடன் ஓரமாய் நிறுத்திக் குனிந்து பார்த்து இழுத்துப் போட்டுவிடுங்கள்.

வெள்ளம் வரும்போது உயரம் மெய்யாகவே உதவுகிறது, ஆனால் எல்லையோடு. எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்ற அளவு புஸ்தகத்தில் இருக்கிறது. அது ஓடாத தண்ணீருக்கு. ஓடும் நீர் ஓரிரண்டு அடி இருந்தாலே கனத்த வண்டியையும் மிதக்கவைத்துத் தள்ளிவிடும். நீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி கிளப்ப முயலாதீர்கள். உள்ளே புகுந்த தண்ணீர் காற்றைப் போல் அமுங்காது. எஞ்சினின் தண்டு வளைந்துவிடும். அப்படி நேர்ந்த சேதத்துக்குத் தனியாக எஞ்சின் காப்பு எடுத்திராவிட்டால், சாதாரண இன்ஷ்யூரன்ஸில் பணம் கிடைப்பது துர்லபம். 2024 அக்டோபரில் சென்னையில் மழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதைச் சிலர் பரிகாசம் செய்தார்கள். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

கடைசியாக ஜாக்கி. இந்த வண்டிகளில் சிலவற்றின் எடை இரண்டு டன்னுக்கு மேலும் போகிறது. வீட்டு வாசலில், சமதரையில், பகல் வெளிச்சத்தில் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களும் பழகட்டும். தூக்குவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, கைப் பிரேக்கைப் போட்டு, எதிர் மூலைச் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. வேலை முடிந்ததும், முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துச் சாலைக்கு வெளியே போட்டுவிட்டுப் புறப்படுங்கள். இருட்டில் பின்னால் சைக்கிளில் வருகிறவருக்கு அது தெரியாது.