கோவிட் பட்டியலில் இல்லாத பாட்டி

"கோவிட்டால் இறந்தாரா, கோவிட்டோடு இறந்தாரா?" 2021-இல் கெடாவில் எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இந்த விவாதம்தான். உண்மையான எண்ணிக்கையை அறிய இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்பேன்.

காரணத்தை விடுங்கள். ஓர் ஆண்டில் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். கொள்ளைநோய் வராதிருந்தால் எத்தனை பேர் இறந்திருப்பார்களோ, அதைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மிகை இறப்பு.

மலேசியாவில் 2019-இல் ஏறக்குறைய 174,000 பேர் இறந்தனர். 2021-இல் 224,000-க்கும் மேல். வித்தியாசம் 50,000. முதியோர் பெருகுவதால் இறப்பு எப்படியும் ஆண்டுதோறும் சற்றுக் கூடும்; அதற்காக ஆறாயிரத்தைத் தள்ளினாலும் 44,000 நிற்கிறது. அந்த ஆண்டில் சுகாதார அமைச்சு அறிவித்த கோவிட் மரணங்களோ சுமார் 31,000.

உடனே "பதின்மூவாயிரம் பேரை மறைத்துவிட்டார்கள்" என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த ஆகஸ்டில் கெடா மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. நெஞ்சுவலி வந்தும் பயந்து வீட்டிலேயே இருந்து இறந்தவர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மறுபக்கம், நடமாட்டக் கட்டுப்பாட்டால் சாலை விபத்து மரணம் 6,167-இலிருந்து 4,539-ஆகக் குறைந்தது. கூட்டலும் கழித்தலும் கலந்த எண் இது.

தோட்டப்புறத்தில் இந்தக் கணக்குக்குத் தனி மதிப்பு உண்டு. அப்போது நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறப்புக்கு மருத்துவர் சான்று இருக்கவில்லை. வீட்டில் இறந்தால் போலீஸில் சொல்லி பெர்மிட் வாங்கினோம்; காரணம் 'முதுமை' என்று பதிவானது. ஒரு பாட்டி மூன்று நாள் மூச்சுத்திணறி இறந்தாலும், பரிசோதனை நடக்காவிட்டால் கோவிட் பட்டியலில் வரமாட்டார். ஆனால் இறப்பு பதிவாகியிருந்தால் மொத்தத்தில் அவரும் ஒருவர்.

பதிவு சரியில்லாத இடத்தில் இந்த முறையும் தடுமாறும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் மிகை இறப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. இந்திய அரசின் எண்ணிக்கை சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம்தான். முழுத் தகவல் கிடைக்காத இடங்களைக் கணித மாதிரி கொண்டு நிரப்பினார்கள். டில்லி அதை ஏற்கவில்லை.

நம் நாட்டில் பதிவு நன்றாகவே இருக்கிறது. குறை வேகத்தில்தான். இங்கிலாந்தில் மொத்த இறப்பை வாரந்தோறும் வெளியிட்டார்கள். அடுத்த தொற்று வரும்போது கோல மூடாவிலும் கூலிமிலும் அந்த வாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாவட்டவாரியாக நமக்கும் உடனே தெரிய வேண்டும். காரணத்தைப் பிறகு ஆராயட்டும்.