‘படிப்பு ஏறாத’ பிள்ளைகளும் ஏடிஎச்டியும்: காத்திவாக்கத்திலிருந்து சில கேள்விகள்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஏடிஎச்டி பற்றிய ரீல்ஸ் வராத நாளில்லை. தொலைந்த சாவி, பாதியில் நிற்கும் பத்து வேலைகள், கடைசி நாள் இரவில்தான் ஓடத் தொடங்கும் மூளை. பேசுகிறவர்களில் பலர் முப்பது வயதில் தனியார் மனநல மருத்துவரைப் பார்த்து, தங்களுக்கு இருப்பது இன்னது என்று தெரிந்துகொண்டவர்கள். அவர்களுடைய சிரமம் பொய்யல்ல. அதே மூளையோடு காத்திவாக்கத்துக் குப்பம் ஒன்றில் பிறந்தவருக்கு என்ன பெயர் கிடைக்கிறது?

‘தறுதலை’, ‘சோம்பேறி’, ‘எந்த வேலையிலும் நிலைக்கமாட்டான்’, ‘இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது’. இந்த ‘இதுங்க’ யார்? வகுப்பில் உட்கார முடியாமல் தவிக்கும் ஒரு பிள்ளை மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் தெருவும் சாதியும் சேர்ந்து. பிள்ளைக்கு ஏன் கவனம் நிற்கவில்லை என்று யாரும் கேட்பதற்கு முன்பே சாதி பதில் சொல்லிவிடுகிறது. பதில் கிடைத்துவிட்டதால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. ஆனால் ‘படிப்பு வரலைன்னா அப்பன்கூட கடலுக்குப் போ’ என்று ஒரு வாத்தியார் சொல்லும்போதெல்லாம் அது வகுப்பறைக்குள் திரும்பி வருகிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வெள்ளையினக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏடிஎச்டி என்று கண்டறியப்படும் வாய்ப்பு விகிதம் 69 சதவீதம் குறைவு என்றது. அதே நடத்தை அங்கே ஒழுங்கீனம் என்று தண்டிக்கப்படுகிறது.

ஏடிஎச்டி பெரும்பாலும் மரபுவழி வருவது. பிள்ளைக்கு இருந்தால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே இது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை. கவனம் இல்லாமல் போவதைவிட, கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்த முடியாததுதான் இதில் சிக்கல். நேரத்தைக் கணிப்பது, வரிசைப்படுத்துவது, தொடங்கியதை முடிப்பது, காகிதத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது எல்லாம் கடினம். பெண்களுக்கு ஓட்டமும் துள்ளலும் வெளியே தெரியாமல் மறதியாக மட்டும் இருப்பது அதிகம் என்பதால், அவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் ‘பொறுப்பில்லாத பொம்பளை’.

இப்போது நம் மக்களுக்கு உரிமைகள் எந்த வடிவத்தில் வருகின்றன என்று பாருங்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், பிஎஃப் பணம், மகளிர் உரிமைத் தொகை என எல்லாமே படிவம், நகல், ஓடிபி, கடைசித் தேதிதான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு 12,500 ரூபாய் அறிவித்தது. இப்படியான நிவாரணம் எதற்கும் பட்டியலில் பெயரும் சரியான வங்கிக் கணக்கும் வேண்டும். ஏடிஎச்டி தடுக்கிவிடுவதும் இதே இடத்தில்தான். வசதியானவர்களின் மறதியை ஆடிட்டரும் டிரைவரும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் ஈடுகட்டுகிறார்கள். கன்டெய்னர் யார்டு ஒப்பந்தத் தொழிலாளி பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அன்றைய கூலி போகிறது. அவர் மகள் ஒரு தேதியைத் தவறவிட்டால் ஓராண்டு உதவித்தொகை போகிறது. பிறகு இதையே ‘தகுதி’ இல்லாததற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒன்றிய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம், பிறப்பிலிருந்து 18 வயதுவரை கண்டறிய வேண்டிய குறைபாடுகளில் ஏடிஎச்டியையும் சேர்த்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஏடிஎச்டி பெயரளவிலும் இல்லை. 18ஆவது பிறந்தநாளில் மூளை மாறிவிடுமா?

சிகிச்சைக்கும் இதே நிலைதான். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பது முட்டுக்காட்டில். காத்திவாக்கத்திலிருந்து நகரத்தின் மறுகோடிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ போவதானாலும் ஒரு நாள் கூலி போய்விடும். முக்கிய மருந்தான மெத்தில்ஃபெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. வரிசையில் நிற்பது, தேதியை நினைவில் வைப்பது, மறுபடி வருவது எல்லாம் இயலாதவர்களுக்கான சிகிச்சை, அவற்றையே நிபந்தனையாக வைக்கிறது.

வடசென்னைக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஈயம் அதிகம் ஏறிய பற்களைக் கொண்ட குழந்தைகளுக்குக் கவனம் சிதறுவது கூடுதலாக இருப்பதை 1979இலேயே அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன் காட்டினார். கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் நிலக்கரிச் சாம்பலில் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்கள் உண்டு. இங்கே ஏடிஎச்டி உள்ளவர்கள் எல்லாம் மாசினால் கெட்டுப்போனவர்கள் என்று சொல்லவில்லை. அது இன்னொரு இழிவாகிவிடும். ஆனால் உழைக்கும் மக்களின் வாசலில் அனல்மின் நிலையங்களை அடுக்கிய அரசுக்கு, அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதிக்கும் கடமை இருக்கிறது.

நமது கோரிக்கைகள் எளிமையானவை. மாற்றுத்திறனாளிகள் பட்டியலைத் திருத்தும் அதிகாரத்தைப் பிரிவு 99 ஒன்றிய அரசுக்குத் தருகிறது. தமிழ்நாடு அரசு ஏடிஎச்டியைச் சேர்க்கப் பரிந்துரைக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு மாலை நேரச் சிகிச்சை வேண்டும். உதவித்தொகைக்குத் தேதி தவறியவர்களுக்குக் கூடுதல் அவகாசமும், படிவம் நிரப்பிக் கொடுக்கக் குப்பத்திலேயே முகாமும் வேண்டும்.

ஒரு கோரிக்கை நமக்கு நாமே வைக்க வேண்டியது. 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் முன்வைத்த ‘நரம்பியல் பன்மை’ என்ற கருத்து, மூளைகள் பல விதம், ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது இல்லை என்றது. சாதியை எதிர்க்கிற நமக்கு இது புரியாததல்ல. ஆனால் நம் கூட்டங்களில் தாமதமாக வருகிற, ஏற்ற வேலையை மறந்துவிடுகிற தோழரை என்னவென்று அழைக்கிறோம்? மூன்று மணி நேர உரையில் எழுந்து நடப்பவரை எப்படிப் பார்க்கிறோம்? வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுக்கலாம், முந்தின நாள் போன் செய்து நினைவுபடுத்தலாம், விண்ணப்பம் போடும்போது பக்கத்தில் உட்காரலாம். இதற்கெல்லாம் எந்த அரசாணைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.