வேலையைக் கேட்காத ஆஸ்துமா

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து மருத்துவர்களுக்குப் பட்டுக்கூடு புதிதல்ல. கூட்டின் விலை ஏறுவதும் இறங்குவதும் நோயாளிகளின் பேச்சிலேயே நம் காதுக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தொழிலால் வரும் மூச்சிரைப்பு நம் புறநோயாளிச் சீட்டில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுக்கிறோம். என்ன வேலை என்ற இடம் காலியாகவே கிடக்கிறது. நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு அவருடைய தொழிலையும் சேர்க்கச் சொன்னவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. அவர் நூல் வெளிவந்தது 1700இல். பட்டு அந்துப்பூச்சி ஒவ்வாமையில் நோயறிதலின் பாதி அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

பட்டுத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே தூசியைச் சுவாசிப்பதில்லை. புழு வளர்ப்பு மனையில் புழுவின் எச்சமும் உரித்த தோலும் உண்டு. நூற்பகத்தில் வெந்த கூட்டின் ஆவியும் கூட்டுப்புழுவும். கர்நாடக நூற்பகத் தொழிலாளர்களிடம் தொழில்சார் ஆஸ்துமா இருப்பதை 1985லேயே ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அந்துப்பூச்சி கூட்டமாக வெளிவருவதோ முட்டை உற்பத்தி செய்யும் வித்தகத்தில். கூட்டிலிருந்து வந்த பூச்சிகள் சிறகடித்தபடியே இணைசேர்கின்றன. சில மணி நேரம் கழித்து அவற்றைக் கையால் பிரிக்கிறார்கள். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, பெப்ரைன் நோய்க்கிருமி இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். லூயி பாஸ்டர் காட்டிய இந்த வழி புழுவைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் சிறகுச் செதில் உதிர்ந்து காற்றில் மிதக்கிறது. அதைச் சுவாசிப்பவரைக் காப்பாற்ற அப்படியொரு வழக்கமான சோதனை இல்லை.

நோய் வரும் விதத்தைக் கவனித்தால் அடையாளம் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒவ்வாமை வராது. பூச்சியின் புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்க மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். பெரும்பாலும் தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு முதலில் தலைகாட்டும். இருமலும் நெஞ்சு இறுக்கமும் பிறகு வரும். சிலருக்கு வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, இரவில்தான் இரைப்பு தொடங்கும். அதனால் அவர்களே வேலையைச் சந்தேகிப்பதில்லை. விடுமுறையில் குறைகிறதா, திரும்பி வேலைக்குப் போனதும் கூடுகிறதா என்று கேட்க வேண்டும்.

குழப்பக்கூடியவை இரண்டு. மனையைச் சுத்திகரிக்கப் பயன்படும் ஃபார்மலினும் பிளீச்சிங் பவுடரும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். மருந்து தெளித்த நாளில் அங்கிருந்த பலருக்கும் ஒன்றாக எரிந்தால் அது பெரும்பாலும் உறுத்தல். பூச்சி வெளிவரும் நாட்களில் ஓரிருவருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும். மற்றொன்று, முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியின் சுணை பட்டு வரும் தடிப்பு. பட்டு அந்துப்பூச்சிக்கு அப்படிக் குத்தும் சுணை கிடையாது. சுணை பட்ட இடத்தைத் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தெடுத்து, சோப்பு நீரால் கழுவினால் பெரும்பாலும் போதும். கண்ணில் பட்டால் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

உறுதி செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து, ஒரு நாளைக்கு நான்கு முறை வீதம், வேலை நாளும் ஓய்வு நாளும் சேர்ந்து வருமாறு இரண்டு முதல் நான்கு வாரம் குறித்துவரச் சொல்லலாம். தோல் குத்துச் சோதனை கிடைக்கும் இடத்தில் உதவும். ஆனால் தரப்படுத்தப்பட்ட சாறு கிடைப்பது கடினம் என்பதால், முடிவு எதிர்மறையாக வந்தாலும் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. பட்டுப்புழுவின் ட்ரோபோமயோசின் புரதம் இறாலிலும் கரப்பானிலும் உள்ளதை ஒத்தது. ஆகவே இறால் சாப்பிட்டால் என்ன ஆகிறது என்றும் கேட்க வேண்டும். எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிடுகிறவரை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை.

தடுப்பு என்றதும் முகக்கவசம் நினைவுக்கு வருகிறது. அது கடைசி அரண். பூச்சி இணைசேரும் மேசைக்கு அருகிலேயே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, பூச்சியை நசுக்குவதற்குத் தனி அறை, வீட்டுக்குச் செதில் போகாதிருக்க வேலை முடிந்ததும் உடை மாற்றுவது ஆகியவை முதலில் வரவேண்டும். அதன் பிறகே முகத்தோடு பொருந்தும் என்95 கவசம். துணிக்கவசம் நுண்தூசிக்குப் போதாது. இத்தனையும் மீறி மூச்சுத்திணறலோடு உடல் முழுவதும் தடிப்போ, மயக்கமோ வந்தால் மாத்திரையைத் தேட நேரமில்லை: பெரியவர்களுக்குத் தொடையின் முன்வெளிப்புறத் தசையில் அட்ரினலின் 0.5 மில்லிகிராம்.

கசப்பான பகுதி இனிமேல்தான். தூசிக்குள் தொடர்ந்து இருக்கவிட்டால், பிறகு வேலையை விட்டாலும் ஆஸ்துமா விடாமல் போகலாம். சீக்கிரம் விலக்குவது நல்லது என்பது நமக்குத் தெரியும். ஆனால் கூலியை நம்பியிருப்பவரிடம் 'வேலையை விட்டுவிடுங்கள்' என்று சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. அவர் சம்மதித்தால், பூச்சியைத் தொடாத வேறு பிரிவுக்கு மாற்றுமாறு வித்தகப் பொறுப்பாளருக்குக் காரணத்தோடு ஒரு கடிதம் எழுதித்தர வேண்டும். ஒரே வித்தகத்திலிருந்து இரண்டாவது நோயாளி வந்தால், அது அந்த இடத்தின் நோய். நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். அந்த இரண்டாவது நோயாளியை நாம் அடையாளம் காண வேண்டுமென்றால், முதல் நோயாளியின் சீட்டிலேயே அவருடைய வேலை எழுதப்பட்டிருக்க வேண்டும்.