பட்டாசுக் கடை பெரிதாகும்போது

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தாம்பரம் பக்கம் தீபாவளிப் பேச்சு ஆரம்பித்துவிடும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் பட்டாசுச் சீட்டு நோட்டீஸ் கண்ணில் படுகிறது. மளிகைக் கடைக்காரரும் ஃபேன்சி ஸ்டோர்க்காரரும் அந்த ஒரு மாதம் பட்டாசு வியாபாரியாகிவிடுகிறார்கள். ஒரு வருஷம் நாலு காசு பார்த்தவர் அடுத்த வருஷம் கொஞ்சம் பெரிதாகச் செய்யலாமே என்று நினைப்பது இயற்கை. பிழைக்கத் தெரிந்தவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அரிசிக் கடையைப் பெரிதாக்குவதும் பட்டாசுக் கடையைப் பெரிதாக்குவதும் ஒன்றல்ல.

எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "சார், லைசென்ஸ்தான் கையில இருக்கே. பக்கத்துப் போர்ஷனையும் வாடகைக்கு எடுத்து, சரக்கை மாடியில போட்டுக்கலாமா?" நான் கவர்மெண்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன் என்பதால் இப்படிக் கேட்க வருவார்கள். கூடாது என்று சொன்னேன். ஏன் கூடாது என்பது மற்றவர்களுக்கும் பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் 2008-ல் வந்த விதிகளும்தான் இதற்கு அடிப்படை. லைசென்ஸ் என்பது ஆளின் நல்ல பெயருக்குக் கொடுக்கும் சர்டிபிகேட் அல்ல. இந்த இடம், இந்த வரைபடம், இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்பது. சுவரை இடித்துப் பக்கத்து அறையைச் சேர்த்தால் அது வேறு இடம். அளவு கூடினால் அது வேறு அனுமதி. பட்டாசு 100 கிலோ, அதோடு சரவெடி, மத்தாப்பு வகை 500 கிலோ வரை மாவட்ட அளவிலேயே அனுமதி தருவார்கள். அதற்கு மேல் போனால் மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டும். மாவட்ட அளவில் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கமிஷனர் உள்ள ஊரில் போலீஸ் கமிஷனர் அலுவலகம், மற்ற இடங்களில் கலெக்டர். தாம்பரத்துக்கு 2022 ஜனவரியிலிருந்து தனிக் கமிஷனரகம் இருக்கிறது. அதன் எல்லைக்கு வெளியே இரண்டாவது கடை போட்டால் கதவு வேறு.

நிரந்தரக் கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டடமாக இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, 25-க்கு மேலும் போகக் கூடாது. தரைத் தளத்தில்தான் இருக்கலாம். மேலே குடித்தனம் கூடாது, மாடிப்படிக்கும் லிப்டுக்கும் அருகில் இருக்கக் கூடாது. அவசர வழி வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தற்காலிகக் கடை என்றால் தீப்பிடிக்காத பொருளால் கட்டியிருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி, எதிரும் புதிருமாக இருக்கக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாத பையனை உதவிக்கு வைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில், ஆன்லைனில் விற்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்துவிட்டது.

இதெல்லாம் காகிதத்து விதி என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களுக்கு மூன்று ஊர்களை நினைவுபடுத்துகிறேன். 2009-ல் தீபாவளிக்கு முதல் நாள், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடை எரிந்து 32 பேர் போனார்கள். குழந்தைகளுக்கு வாங்க வந்தவர்களும் அதில் உண்டு. 2021-ல் சங்கராபுரத்தில் கடைவீதியில் இருந்த கடை வெடித்தது. பக்கத்து பேக்கரியின் கேஸ் சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்ததாகச் செய்தி வந்தது. 2023 அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். சீசன் வேலைக்கு நம் ஊர்களிலிருந்து போன இளைஞர்கள்தான் அவர்களில் பெரும்பாலோர்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்தப் பழக்கத்தில் பிரெஞ்சுச் சரித்திரம் இன்றும் புரட்டுவேன். 1794-ல் பாரிஸில் கிரெனெல் வெடிமருந்து ஆலை வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 1810-ல் நெப்போலியன் ஆட்சியில் ஓர் ஆணை வந்தது. தொழில்களை மூன்று வகையாகப் பிரித்து, முதல் வகை குடியிருப்பிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும் என்றது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்று அது பார்க்கவில்லை. பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தது. நம் விதிகளின் சாரமும் அதுதான்.

பெரிதாக வளர வளரப் பொறுப்பும் வளரும் என்பதை நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது. ஆபத்தான தொழில் நடத்துகிறவர், நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது, நிறுவனம் எவ்வளவு பெரிதோ நஷ்டஈடும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றார்கள். கடையைப் பெரிதாக்க நினைப்பவர்கள் லாபக் கணக்கோடு இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

வியாபாரிகளை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் அது நியாயமல்ல. நானும் ஃபைல் தள்ளிய ஆள்தான். சீட்டுப் பிடிப்பவர் ஆடியிலேயே சரக்குக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். லைசென்ஸோ பண்டிகை நெருங்கும்போது கைக்கு வந்தால் நடுவில் அவர் என்ன செய்வார்? சரக்கை வீட்டுப் பரணில் போடுவார். தாமதமே சட்ட மீறலை உண்டாக்குகிறது. போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி மூன்று பேரும் ஆடி மாதத்திலேயே ஒரே நாளில் வந்து பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். "இல்லை" என்ற பதில்கூட சீக்கிரம் கிடைத்தால் நல்லதுதான். வேறு இடம் தேட அவகாசம் இருக்கும்.

அந்தத் தம்பியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: மாடி வேண்டாம், குடியிருப்பு இல்லாத தரைத் தளம் பாருங்கள். கிடைக்காவிட்டால் இந்த வருஷம் பழைய அளவிலேயே விற்றுவிடுங்கள். மேல் மாடியில் குடியிருக்கும் அம்மா அவர் கடையின் பழைய வாடிக்கையாளர். தலைக்குக் கீழே எத்தனை கிலோ இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லப்போவதில்லை.