டிராவை எல்லோர் முன்னிலையிலும் எடுங்கள்: செஞ்சிப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாட்டில் 12, 14, 16, 18 வயதுக்குட்பட்டோருக்கான டென்னிஸ் போட்டிகளை நடத்தும் சங்கங்கள், அகாடமிகள், ரெஃப்ரிகள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்.

செஞ்சியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் நாங்கள். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. விடியுமுன் பஸ் பிடித்துத் திண்டிவனம் போய், அங்கிருந்துதான் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும். மொத்தம் 150 கிலோமீட்டருக்கு மேல். ராக்கெட் பையும் சாப்பாட்டுத் தூக்குமாகப் போய்ச் சேரும்போது, யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலான டிரா ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருக்கும். அதை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. தவறு நடந்தது என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. தவறு நடக்கவில்லை என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை என்பதே எங்கள் குறை.

டிரா என்பது முழுக்கக் குலுக்கல் அல்ல. 32 பேர் ஆடும் டிராவில் வழக்கமாக 8 பேருக்கு சீடு, அதாவது முன்னணியினர் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்து வைக்கும் இடம். முதல் சீடு முதல் வரியிலும் இரண்டாம் சீடு 32-ஆம் வரியிலும் நிற்பார்கள். மூன்றும் நான்கும் 9, 24 ஆகிய வரிகளுக்குக் குலுக்கிப் போடப்படும். ஆட்கள் குறைந்தால் வரும் 'பை'யும் (முதல் சுற்றை ஆடாமலே தாண்டும் வாய்ப்பு) மேல் சீடுகளுக்கே முதலில் போகும். இதில் எங்களுக்குச் சண்டை இல்லை. சீடு எதற்காக வந்தது என்பது எங்களுக்குத் தெரியும். லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதை எழுதிய ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன், 1883-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சீடு இல்லாமல் 32 பேரைக் குலுக்கினால், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-ல் 16 மட்டுமே. விம்பிள்டனில் திறமை வரிசைப்படி சீடு வந்தது 1927-ல். அதனால் மேலே இருப்பவர்களின் குறை தீர்ந்தது. மீதமுள்ள 24 பேரில் 8 பேர் முதல் சுற்றிலேயே ஒரு சீடின் முன் நின்றாக வேண்டும், மூன்றில் ஒருவர். புதிதாக ஆட வரும் சிறு ஊர்ப் பிள்ளை பெரும்பாலும் அந்த 24-ல்தான் இருக்கும். அதன் விதி முழுக்கக் குலுக்கலின் கையில். ஆகவே அந்தக் குலுக்கல் கண் முன்னால் நடக்க வேண்டும்.

இது புதுமையான கோரிக்கை அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921, ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை எடுக்கும் முறையை விவரமாகச் சொல்கிறது. சபை முழுதும் கூடியிருக்க, மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். விரல் மடங்கக் கூடாது என்பது வரை யோசித்திருக்கிறார்கள். ஊர்ச் சபைக்கு அன்று இருந்த ஒழுங்கு, இன்று பிள்ளைகளின் போட்டிக்கும் வேண்டும்.

எனவே முதற்கோரிக்கை: டிரா எடுக்கும் இடமும் நேரமும் போட்டி விவரத் தாளான ஃபேக்ட் ஷீட்டிலேயே அச்சாக வேண்டும். சீடு இல்லாத பெயர்களை, ஆடும் பிள்ளைகளில் இருவர் எடுக்கட்டும். கணினியில் எடுத்தால் திரை எல்லோருக்கும் தெரியட்டும். வர முடியாதவர்களுக்காக ஒரு செல்போனில் நேரலை போதும், செலவே இல்லை. தரவரிசைக்கு வெளியே அமைப்பாளர் தரும் வைல்டு கார்டு யாருக்கு, என்ன காரணத்தால் என்பது டிராவுக்கு முன்பே பலகையில் ஏற வேண்டும். டிரா வெளியான பின் யாராவது விலகி மாற்றம் வந்தால், பழைய தாளைக் கிழிக்காமல், மாற்றத்தை நேரத்தோடும் ரெஃப்ரியின் கையெழுத்தோடும் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இரண்டாவது, எங்களுக்கு மிக முக்கியமானது: பயணம் செய்து வந்த எந்தப் பிள்ளையும் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பக் கூடாது. நாக் அவுட் முறையில் 32 பேரில் 16 பேர் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டுகிறார்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இரண்டு நாள் பள்ளி விடுப்பு, அப்பாவின் இரண்டு நாள் கூலி. 12, 14 வயதுப் பிரிவுகளில் முதல் சுற்றில் தோற்றவர்களுக்குத் தனி டிரா போடுங்கள், அல்லது நால்வர் குழுவாக ரவுண்ட் ராபின் நடத்துங்கள். நால்வர் குழுவில் ஒவ்வொருவருக்கும் மூன்று ஆட்டம் உறுதி. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் 14 வயதுக்குட்பட்டோர் உலக அணிப் போட்டியும் குழுச் சுற்றில்தான் தொடங்குகிறது. கோர்ட் போதாது என்பீர்கள். செட்டைச் சுருக்குங்கள், ஆட்டத்தைச் சுருக்காதீர்கள்.

ஒரே ஊரிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த பிள்ளைகள் முதல் சுற்றில் மோதுவதையும் தவிர்க்க வேண்டும். சீடு இல்லாத நால்வர் சேர்ந்து வந்தால், அவர்களில் இருவர் முதல் சுற்றிலேயே எதிரெதிரே விழும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. தினமும் சேர்ந்து ஆடுபவர்கள் தமக்குள் ஆட 150 கிலோமீட்டர் வர வேண்டியதில்லை. ஆனால் இதை ரெஃப்ரியின் தயவாக நாங்கள் கேட்கவில்லை. எழுதிய விதியாக, எல்லா ஊருக்கும் ஒன்றாக, முன்கூட்டியே அறிவித்துச் செய்ய வேண்டும்.

நேரில் சைன்-இன் கேட்கும் போட்டிகளில் தொலைவிலிருந்து வருவோருக்குத் தொலைபேசி வழி அனுமதியுங்கள். ஆண்டுக்கு ஒரு போட்டியையாவது விழுப்புரம் மாவட்டத்தில் நடத்துங்கள். 2025-ல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதையொட்டி ஊருக்கு வசதிகள் திட்டமிடும்போது இரண்டு ஹார்டு கோர்ட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டுமென்று ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

ராமநாதன் கிருஷ்ணன் 1954-லும் ரமேஷ் கிருஷ்ணன் 1979-லும் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற மாநிலம் இது. அடுத்த பருவத்தின் ஃபேக்ட் ஷீட் அச்சாகுமுன் இக்கோரிக்கைகளுக்கு எழுத்துமூலம் பதில் தாருங்கள். திருவண்ணாமலை, திண்டிவனம், கள்ளக்குறிச்சிப் பெற்றோரே, உங்கள் கையெழுத்தையும் இதில் சேருங்கள்.