டெம்பரரி என்றால் தேதி எங்கே?

"டெம்பரரிதான் சார்" என்று யாராவது சொன்னாலே இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டினார்கள். குழாயைப் பதித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, டெம்பரரி என்று சொல்லிப் போனார்கள். மழை பெய்தால் மண் உள்வாங்குகிறது. இன்னொரு லோடு மண் வந்து விழுகிறது, அதுவும் டெம்பரரி. மாற்றுப்பாதைப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. கோயிலுக்குப் போகிற வயதான மாமிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டுகிறார்கள். கேட்டால், "ரோடு போடுறது வேற கான்ட்ராக்ட்" என்கிறார்கள்.

தற்காலிக ஏற்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதில் நம் ஊரை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? வைகுண்ட ஏகாதசிக்கு முகூர்த்தக்கால் நட்டதும் ஆயிரங்கால் மண்டபத்தருகே பந்தல் எழும்புகிறது, தடுப்புக்கட்டைகள் முளைக்கின்றன. பகல்பத்தும் இராப்பத்தும் முடிந்தால் அத்தனையும் பிரித்தாகிவிடும். கால் நடும்போதே பிரிக்கும் காலமும் ஊருக்குத் தெரியும்.

அவசர வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு அணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அது 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. உடைப்பைப் பாறைகளையும் மணல் மூட்டைகளையும் போட்டு அடைத்தார்கள். அவசரத்துக்கு அதுதான் சரி. ஆனால் மூட்டைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை, பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். திருச்சிக்குப் போகும் காவிரிப் பாலத்தை 2022 செப்டம்பரில் பழுதுபார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சுற்றோ சுற்றென்று சுற்றினோம். முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொண்டோம், ஒருநாள் திறக்கும் என்று நம்பியதால்.

முடியும் நாள் இல்லாததுதான் கொடுமை. காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு போட்டது 1991-ல்; இறுதித் தீர்ப்பு வந்தது 2007-ல். அது இரண்டு மூன்று மாநிலங்களின் தண்ணீர் வழக்கு, சிக்கல் இருக்கத்தான் செய்யும். ஒரு தெருப் பள்ளத்துக்கு என்ன சிக்கல்?

அதிகாரிகளுக்கு ஒரே வேண்டுகோள். தோண்டிய தேதி, தார் போடப்போகும் தேதி, பொறுப்பான பொறியாளரின் தொலைபேசி எண் மூன்றையும் தோண்டுகிற அன்றே பலகையில் எழுதி வையுங்கள். தேதி தள்ளிப்போனால் காரணத்தோடு புதுத் தேதியை எழுதுங்கள். தோண்ட அனுமதி கொடுக்கும்போதே இதைக் கட்டாயமாக்குங்கள்.