ஊர்த் திருவிழாவும் ஓர் இசைப்பள்ளியே



இயல், இசை, நாடகம் என முத்தமிழாக வகுக்கப்பெற்ற நம் மொழியில், இயலைப் பள்ளிக்கூடம் கற்பிக்கின்றது. இசையைக் கற்பிப்பவர் யார்? பட்டணத்துப் பிள்ளைகளுக்கு நுண்கலைக் கூடங்கள் உள்ளன. மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பயில வசதியும் உள்ளது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அத்தகைய வாய்ப்பு அரிது. எனினும், ஆண்டுக்கொரு முறை ஓர் இசைப்பள்ளி நம் வாசலைத் தேடி வருகின்றது. அதுவே நம் தோட்டத்துக் கோயில் திருவிழா. அதனை நம் பிள்ளைகளின் பொருட்டு முறையாகப் பயன்படுத்துகின்றோமா என நாம் சிந்தித்தல் வேண்டும்.

திருவிழா எவ்வாறு பள்ளியாகும் எனச் சிலர் வினவலாம். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. சரவாக் மாநிலத்தில், கூச்சிங் நகருக்கு வடக்கே, சந்துபோங் மலையடிவாரத்தில் சரவாக் பண்பாட்டுக் கிராமம் அமைந்துள்ளது. இபான், பிடாயு, ஒராங் உலு முதலிய இனத்தாரின் நீண்ட வீடுகளை அங்கே காணலாம். 1998ஆம் ஆண்டில் அக்கிராமத்தில் மழைக்காட்டு உலக இசைவிழா தொடங்கப்பெற்றது. சிறிய அளவில் தொடங்கிய அவ்விழாவிற்கு இன்று பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர்.

அவ்விழாவைக் காணும் வாய்ப்பு எனக்கும் ஒருமுறை கிட்டியது. இரவில் மேடையில் நடைபெறும் கச்சேரிகளைக் காட்டிலும், பகலில் நடைபெறும் பயிற்சி அரங்குகளே என் உள்ளத்தைக் கவர்ந்தன. கலைஞர்கள் கருவிகளுடன் அமர்கின்றனர். பெற்றோரும் பிள்ளைகளும் அவர்களுக்கு அண்மையில் அமர்கின்றனர். கருவி எம்மரத்தால் ஆனது, ஒலி எங்ஙனம் பிறக்கின்றது என்றெல்லாம் கேட்டறிய வழியுண்டு. விழா எத்துணைப் பெரிதாக வளர்ந்தபோதிலும், அந்த நெருக்கத்தை அவர்கள் கைவிடவில்லை.

அந்த நெருக்கத்தின் பயனை அறிய வேண்டுமாயின், சாப்பே என்னும் நரம்புக்கருவியின் வரலாற்றை நோக்குக. ஒரே மரத்துண்டைக் குடைந்து படகு வடிவில் செய்யப்படும் இக்கருவி, சரவாக்கின் உட்பகுதியில் வாழும் கென்யா, காயான் பழங்குடியினருக்கு உரியது. முற்காலத்தில் ஆடவரே இதனை வாசித்தனர். கென்யா இனக் கலைஞரான மேத்யூ ஙாவ் ஜாவ் இளையோருக்கு இதனைக் கற்பித்தார். சிறுமியரையும் மாணவராக ஏற்றுக்கொண்டார். அவரிடம் பயின்ற அலேனா முராங் அயல்நாட்டு மேடைகளிலும் சாப்பே வாசித்துப் புகழ் பெற்றுள்ளார். பெரியவர் ஒருவர் பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சொல்லிக் கொடுத்தமையால் விளைந்த நன்மை இது.

சரவாக் செல்வதற்கு விமானச் செலவு உண்டு. அது நம்மில் பலருக்கு இயலாது. ஆயினும், அங்கே கண்டதற்கு நிகரான செல்வம் நம் தோட்டத்திலேயே இருக்கின்றது. நாதசுரம் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுகின்றது. தவில் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகின்றது. அதன் ஒரு முகத்தைக் கழியாலும், மறு முகத்தைக் கூடுகள் அணிந்த விரல்களாலும் முழக்குகின்றனர். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பதனாலேயே அந்த உறுமலொலி பிறக்கின்றது. இவற்றை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? கும்மிப் பாட்டையும் தாலாட்டையும் நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டிமார் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுக்கு முதுமை வந்துவிட்டது. கேட்க வேண்டியவற்றை இன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால், பல இடங்களில் திருவிழா எவ்வாறு நடைபெறுகின்றது? ஒலிபெருக்கியில் திரைப்பாடல்கள் காதைப் பிளக்கின்றன. மேளக்காரர் வாசிப்பது எவர் செவியிலும் விழுவதில்லை. இருட்டியதும் மது அருந்தியோரின் ஆட்டம் தொடங்குகின்றது. தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பி விடுகின்றனர். உறுமி மேளம் என்றாலே முரட்டுத்தனம் என்று ஒதுக்கும் பெற்றோரும் உளர். இது முறையன்று. குடித்துவிட்டு ஆடுவோரின் குற்றத்தைக் கருவியின்மீது சுமத்தலாகாது. அக்கருவியைக் கைவிடாது காத்துவரும் இளைஞர்களுக்கு நாம் நன்றி கூறவே கடமைப்பட்டுள்ளோம்.

ஆலயச் செயற்குழுவினர்க்கு என் வேண்டுகோள் இதுதான். திருவிழா நாளன்று மாலையில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வையுங்கள். நாதசுர, தவில், உறுமிக் கலைஞர்களைப் பிள்ளைகளின் நடுவே அமரச் செய்து, அதற்கெனத் தனியே சன்மானமும் வழங்குங்கள். விழா வளாகத்தில் மதுவுக்கு இடமளிக்காதீர்கள். ஒலிபெருக்கி இல்லையேல் கூட்டம் வராது என அஞ்ச வேண்டா. தம் பிள்ளை கோலாட்டம் ஆடுவதையும் தவில் தட்டிப் பழகுவதையும் காண வாராத பெற்றோர் எவருமிலர்.

பெற்றோர்களே, அந்த ஒரு மணி நேரம் கைப்பேசியை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு அமருங்கள். மாணவர்களே, உங்கள் பாட்டியிடம் ஒரு பாடலையேனும் கேட்டு எழுதி வாருங்கள்; அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு இடமளிப்போம்.

பால்மரக் காடுகள் பல செம்பனைக் காடுகளாயின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல பட்டணம் சென்றுவிட்டன. சென்றவர்களும் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பி வரும் நாள் இத்திருவிழா நாளே. நாளை நம் மாணவரும் வேலை தேடி வெவ்வேறு ஊர்களுக்குச் செல்லக்கூடும். அப்போது தோட்டத்தைக் கையோடு எடுத்துச் செல்ல இயலாது. இங்கே கற்ற பாட்டையும் தாளத்தையும் எடுத்துச் செல்ல இயலும். வருகின்ற திருவிழாவிலேயே அதற்கு வழி செய்வோமாக.

தலைமையாசிரியர்